அம்பிகாபதியின் வசனம்

பெரியகுளத்தை அடுத்து, பூண்டுச் சந்தையால் பிரசித்தி பெற்ற வடுகபட்டிக்குக் கவிஞர் வைரமுத்து வளர்ந்த ஊர் என்ற பெருமையும் உண்டு. திரைக்குப் பாட்டெழுதிப் புகழ்பெற்ற ஒருவரைத் தமிழகத்துக்கு அளித்த இவ்வூரார், திரைத்தமிழின் பூர்வ சரித்திரத்தையும் அறிந்திருத்தல் தகும். அச்சரித்திரத்தில் முக்கியமானதோர் ஏடு, 1937-இல் வெளிவந்த ‘அம்பிகாபதி’.

கம்பர் மகன் அம்பிகாபதி சோழன் குமாரி அமராவதியைக் காதலித்து மாண்டான் என்பது நம்மவர் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. சிருங்காரம் கலவாத நூறு செய்யுட்களைச் சபையில் பாடிவிட்டால் உயிர் பிழைக்கலாம் என்ற நிபந்தனையில் அவன் பாடிவர, மறைவிலிருந்து எண்ணிவந்த அவள் காப்புச் செய்யுளையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு, தொண்ணூற்றொன்பதிலேயே நூறும் நிறைந்ததென்று களித்து முகம் காட்டினாள், கண்ட மாத்திரத்தில் அவன் நாவில் காதற்பாட்டு எழுந்தது, தண்டனையும் உறுதியாயிற்று.

இக்கதையைக் கல்கத்தா ஸ்டூடியோவில் படமாக்கியவர், அமெரிக்காவின் ஓஹையோ மாகாணத்தில் பிறந்து, 1935-இல் இந்தியா வந்த எல்லிஸ் ஆர். டங்கன். தமிழறியாத அவர், ஜார்ஜ் கியூக்கர் 1936-இல் ஹாலிவுட்டில் எடுத்த ‘ரோமியோ ஜூலியட்’ படத்தின் உப்பரிகைக் காட்சியை மனத்திற்கொண்டு, ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் வேண்டிய பகுதிகளைத் தமிழில் வடிக்குமாறு, ‘மணிக்கொடி’ பத்திரிகை எழுத்தாளர் கூட்டத்தைச் சேர்ந்த இளங்கோவனை வேண்டினார். தணிகாசலம் என்ற இயற்பெயருடைய அவர், அந்நிய நாடகத்தின் பாவத்தை மாத்திரம் ஏற்று, நடையைச் சுத்தத் தமிழாகவே அமைத்துக் கொடுக்க, நாயகன் நாயகியாக நடித்த தியாகராஜ பாகவதரும் சந்தானலட்சுமியும் அதற்கு உயிரூட்டினார்கள்.

அதே 1937-இல் மதுரைக் கம்பெனியார் எடுத்த ‘சிந்தாமணி’, தன் லாபத்தைக் கொண்டே மதுரையில் அப்பெயரால் ஒரு கொட்டகை எழும்பும் அளவுக்கு ஓடியது. அப்படத்தின் வெற்றியில் பெரும்பங்கு பாகவதரின் சங்கீதத்தைச் சேர்ந்தது. சங்கீதத்துக்கு நிகராகப் பேச்சுத் தமிழும் ஜனங்களைக் கட்டிப்போடும் என்று காட்டியது ‘அம்பிகாபதி’. பின்னர் 1942-இல் வந்த ‘கண்ணகி’யில் இளங்கோவனின் கை இன்னும் ஓங்கிற்று. வசனத்துக்காகவே ஜனங்கள் படம் பார்த்த காலத்துக்கு அடிகோலியவர் அவரே. பாகவதரையும் டங்கனையும் நினைவுகூரும் நாம், இளங்கோவனையும் அவர்களுக்குச் சமமாக வைத்துப் போற்ற வேண்டும். திரைத்தமிழால் பெயர்பெற்ற வடுகபட்டியார் அதில் முன்னிற்க வேண்டும்.