தொழில்வழி நோய்களுக்கான இழப்பீடு

வேலையிடத்தின் தூசி, நச்சு, கடும் உழைப்பு ஆகியவற்றால் உண்டாகும் அல்லது முற்றும் நோய்க்கு முதலாளி ஈடு தரவேண்டும் என்ற கோட்பாடு, விபத்துச் சட்டத்தின் வழியாகவே வளர்ந்தது. இயந்திரத்தில் கை சிக்கினால் நாளும் நேரமும் சாட்சியும் உண்டு. நுரையீரலில் படியும் தூசிக்கு இவை ஏது?

பிரிட்டனின் 1897ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 'விபத்தால் நேர்ந்த காயம்' பற்றி மட்டுமே பேசியது. கிடர்மின்ஸ்டர் நகரக் கம்பள ஆலையில் கம்பளி பிரித்த ஒருவர், கண்வழிப் புகுந்த கிருமியால் ஆந்த்ராக்ஸ் என்னும் அடைப்பான் நோய் கண்டு இறந்தார். கிருமி புகுந்ததே ஒரு விபத்துதான் என்று பிரபுக்கள் சபை 1905இல் தீர்ப்பளித்தது. சற்றே வளைத்துச் சொன்ன நியாயம்தான். ஆனால் குடும்பத்துக்கு ஈடு கிடைத்தது. அடுத்த ஆண்டே புதிய சட்டம் ஈயம், பாதரசம், பாஸ்பரஸ், ஆர்செனிக் நச்சுகள், அடைப்பான், கொக்கிப்புழு நோய் என ஆறு நோய்களைப் பட்டியலிட்டது.

ஏற்கெனவே நோயுள்ளவர் நிலை என்ன? 1910இல் இக்கேள்வி அதே சபைக்கு வந்தது. ஸ்பேனரால் நட்டு முறுக்கிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர் சுருண்டு விழுந்து இறந்தார். அவருடைய பெருந்தமனி முன்பே வீங்கி, உறக்கத்திலும் வெடிக்கக்கூடிய நிலையில் இருந்தது. ஆயினும் அந்த வேலைச் சிரமமே அதை வெடிக்கச் செய்ததால் ஈடு உண்டு எனப் பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். உடல் எந்நிலையில் இருந்தது என்பதன்று, வேலை அதற்கு என்ன செய்தது என்பதே கேள்வி. இழப்பீட்டு வரலாற்றில் இதைவிட மனிதத்தன்மையுள்ள தீர்ப்பு அரிது.

ஆனால் ஒரு நொடியில் நேர்வதற்கே அது பொருந்தியது. சிலேட்டுக் கல் குவாரித் தொழிலாளிக்குப் பல்லாண்டுத் தூசியால் வந்த சிலிக்கோசிஸ் 'விபத்து' ஆகாது என 1948இல் அதே சபை முடிவு செய்தது.

இந்தியாவின் 1923ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்வழியே அமைந்தது. அதன் மூன்றாம் அட்டவணையில் சிலிக்கோசிஸ், ஆஸ்பெஸ்டோசிஸ், பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் ஆகியவை பிற்காலத்தில் இடம்பெற்றன. அட்டவணையில் இல்லாத நோய்க்கு ஈடு கேட்பவர், அது குறிப்பிட்ட ஒரு விபத்தின் நேரடி விளைவு என நிறுவவேண்டும் என்றது 3(4)ஆம் பிரிவு. ஆகவே நூற்பாலைத் தொழிலாளியின் மருத்துவச் சான்றில் 'பிசினோசிஸ்' என்றிருந்தால் வழக்குக்கு வழியுண்டு; 'நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சி' என்று மட்டும் எழுதியிருந்தால், எந்த நாளில் என்ன விபத்து என்ற கேள்விக்கு அவர் விடை சொல்லவேண்டும்.