சுண்ணாம்புச் சுவரும் சிமெண்ட் பூச்சும்

வெளிமாநிலத்தில் வாழும் நம்மில் பலருக்கு ஊரில் ஒரு பழைய வீடு உண்டு. குலதெய்வத்துக்குப் படைக்கப் போகும்போது பூட்டைத் திறந்து பார்ப்பதோடு சரி. சுவரில் ஓதம் ஏறிப் பூச்சு உதிர்ந்திருக்கும். "இடிச்சுட்டுப் புதுசாக் கட்டிடலாமே" என்று தோன்றும். அதற்கு முன் அந்தச் சுவரின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

செட்டிநாட்டு வீடுகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 1940கள் வரை எழுந்தவை. அவற்றைப் பிணைத்து நிற்பது சுண்ணாம்பு. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ சுமார் 900 டிகிரியில் சுட்டு, நீற்றி, மணலோடு செக்கில் அரைத்தார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்தார்கள். மேல்பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்ந்தது. இந்தச் சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவைத் திரும்ப உறிஞ்சி மெல்ல மெல்லக் கல்லாகிறது. அதிலுள்ள நுண்துளைகள் வழியே சுவரின் ஈரம் வெளியேறிவிடும்.

போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் 1824இல் காப்புரிமை பெறப்பட்டது. சென்னையில் 1904இல் சிமெண்ட் ஆலை தொடங்கப்பட்டது. இதைத் தயாரிக்கச் சுமார் 1450 டிகிரி வெப்பம் வேண்டும். சிமெண்ட் உறுதியானதுதான், மறுக்கவில்லை. ஆனால் சுண்ணாம்புச் சுவர்மேல் அதைப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லை. தரையிலிருந்து ஏறும் நீர் இன்னும் மேலே போகும். உப்பு செங்கல்லை அரிக்கும். "சுவர் கெட்டுப்போச்சு" என்கிறோம். உண்மையில் அதற்கு மூச்சு முட்டிப்போச்சு!

சரி, என்ன செய்யலாம்? முதலில் கூரை ஒழுகலையும், சுவரோரம் தண்ணீர் தேங்குவதையும் சரி செய்யுங்கள். சிமெண்ட் பூச்சைச் சுரண்டிவிட்டுச் சுவரை உலரவிட்டு, சுண்ணாம்பையே பூசுங்கள். முற்றத்தை மூடியிருந்தால் திறந்துவிடுங்கள். வெக்கை மேலே போய்விடும், பகலில் விளக்கும் வேண்டாம். கூடுதல் அறை தேவையா? மண்ணோடு சுமார் 5 சதவீதம் சிமெண்ட் மட்டும் கலந்து அழுத்திச் செய்யும் கற்கள் இருக்கின்றன. சூளையே வேண்டாம். ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம் இதைப் பல்லாண்டுகளாகக் கற்றுத்தருகிறது.

இடித்தால், அந்தக் காலத்தில் செங்கல் சுட எரித்த விறகும் பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கும் வீண்தான். தூண்களும் கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்விடும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்று குறைவு. நாம் வேலை கொடுத்தால்தான் அந்தக் கைத்திறன் அடுத்த தலைமுறைக்குப் போகும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, "இடிக்க எவ்வளவு ஆகும்?" என்று கேட்பதற்கு முன், "சுண்ணாம்பு வேலை தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?" என்று விசாரியுங்கள்.