எழுத்தை மீட்டவனின் ஊர்

அச்சிட்ட கடதாசி காலிற் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். எழுத்தின் மீது நடந்து வாருங்கள் என்று ஓர் ஊர் நம்மை அழைத்தால் சற்றே தயக்கம் வரத்தான் செய்யும். தென்மேற்குப் பிரான்ஸிலே, லொட் மாவட்டத்திலே, செலே என்னும் சிற்றாற்றின் கரையில் உள்ள ஃபிஜாக் அப்படியான ஊர். ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் வாழும் நாட்டுப்புறப் பட்டினம் அது. அதன் பழைய பகுதியிலே, கல்வீடுகளுக்கு நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் ஒரு முற்றத்தின் தரை முழுவதும் சிம்பாப்வேயிலிருந்து கொண்டுவரப்பட்ட கருங்கல்லால் ஆனது. மூன்று தட்டுகளாக அமைந்த அந்தத் தரையிலே மூன்று எழுத்து வடிவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன: எகிப்தியச் சித்திர எழுத்து, அந்நாட்டவர் அன்றாடக் காரியங்களுக்குக் கையாண்ட டெமோட்டிக் எழுத்து, கிரேக்கம். ரொசெற்றாக் கல்லின் பெருவடிவப் பிரதி இது. அமெரிக்கக் கலைஞர் ஜோசப் கொசுத் 1991ஆம் ஆண்டு இதனை அமைத்தார். ‘எழுத்துகளின் சதுக்கம்’ என்று இதற்குப் பெயர். பார்க்க வருவோர் அரசன் பெயரின் மேலும் தெய்வங்களின் பெயரின் மேலும் நடந்து திரிகின்றனர், யாரும் கோபிப்பதில்லை.

இக்கல் இங்கு வந்த காரணம் சில அடி தூரத்திலேயே இருக்கிறது. ஷான் பிரான்சுவா ஷம்போலியோன் 1790ஆம் ஆண்டு டிசெம்பர் 23ஆம் திகதி பிறந்த வீடு இச்சதுக்கத்தின் அருகிலேயே உள்ளது. எகிப்தியச் சித்திர எழுத்தின் புதிரை அவிழ்த்தவர் அவரே. அவ்வீட்டையும் அடுத்துள்ள கட்டடங்களையும் சேர்த்து இன்று உலக எழுத்து முறைகளுக்கான அரும்பொருட்சாலை நடக்கிறது. அதன் முகப்பிலே கண்ணாடியோடு செப்புத் தகடு சேர்த்து, பல மொழி எழுத்துகளை அதிலே துளைகளாக வெட்டியிருக்கிறார்கள்.

ஆனால் நேயர்களே, ஷம்போலியோன் பிறந்திராவிட்டாலும் ஃபிஜாக் நடந்து பார்க்க வேண்டிய ஊர்தான். ஒன்பதாம் நூற்றாண்டிலே இங்கு ஒரு பெனடிக்ற் சபை மடம் எழுந்தது. மடத்தைச் சுற்றி வணிகர் குடியேறினர். பன்னிரண்டாம் நூற்றாண்டு முதல் பதினான்காம் நூற்றாண்டு வரை துணியும் தோலும் விற்றுப் பொருள் சேர்த்தவர்கள், தம் செல்வத்தை மணற்கல் வீடுகளாக நிறுத்திவிட்டுப் போனார்கள். வீடுகளின் அமைப்பைப் பாருங்கள். நிலத்தளத்திலே அகன்ற வளைவுகள், அவை கடைகள். அதற்கு மேலே செதுக்கு வேலை கொண்ட யன்னல்களுடன் குடும்பம் வாழும் மாடி. எல்லாவற்றுக்கும் உச்சியிலே கூரைக்குக் கீழே பக்கம் திறந்த ஓர் எடுப்பு. உள்ளூர் ஒக்சித்தான் மொழியிலே ‘சொலேயோ’ என்பர். வெயில் காயுமிடம் என்று சொல்லலாம். தோல், துணி, பழம் எதுவும் அங்கு உலரும். 1302ஆம் ஆண்டு பிரெஞ்சு மன்னன் நான்காம் பிலிப்பு மடாதிபதியிடமிருந்து ஊரைத் தன் ஆட்சிக்குள் எடுத்துக்கொண்டு, நாணயம் அடிக்கும் உரிமையையும் வழங்கினான்.

ஊருக்கு வெளியே தெற்கிலும் மேற்கிலுமாக எண்பட்டைக் கற்தூண்கள் இரண்டு நிற்கின்றன. ‘ஊசிகள்’ என்று மக்கள் அழைக்கிறார்கள். மத்திய காலத்தவை. மடத்தின் அடைக்கல எல்லையைக் குறித்தவை என்று சிலரும், யாத்திரிகருக்கு வழிகாட்டியவை என்று சிலரும் சொல்லுவர். திட்டமாகச் சொல்ல ஆளில்லை. எகிப்தியத் தூண்களின் எழுத்தை வாசித்தவனுடைய ஊரிலே, ஊர்த் தூண்கள் ஏன் நிற்கின்றன என்று அறிய முடியாதிருப்பது எனக்கு மிகவும் பிடித்த விடயம்.

ஷம்போலியோனின் தந்தை புத்தக வியாபாரி. குடும்பத்தில் வழங்கிவந்த ஒரு கதையின்படி, தாய் சொல்லக் கேட்டு மனனம் செய்த செபங்களை அச்சிட்ட செபப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, எந்தச் சொல் எந்த வடிவம் என்று தானாகவே கண்டுபிடித்துச் சிறுவன் வாசிக்கப் பழகினானாம். கதை உண்மையோ பின்னாளில் இட்டுக்கட்டியதோ, அதிலே அவருடைய வாழ்நாள் வேலையின் வழிமுறை முழுவதும் அடங்கியிருக்கிறது. தெரிந்த வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெரியாத வடிவத்தை அணுகுவதே அவர் வழி. பத்து வயதிலே, தன்னிலும் பன்னிரண்டு வயது மூத்த தமையனிடம் கிரெனோபிள் நகருக்குப் போனார். தமையனும் அறிஞர், தம்மை வேறுபடுத்திக் காட்டத் தம் பெயரோடு ஊர்ப்பெயரைச் சேர்த்து ஷம்போலியோன் ஃபிஜாக் என்றே எழுதியவர்.

ரொசெற்றாக் கல் 1799இல் நெப்போலியனின் படையினரால் எகிப்திலே கண்டெடுக்கப்பட்டது. படை தோற்றதும் கல் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1802 முதல் லண்டன் பிரிட்டிஷ் அரும்பொருட்சாலையில் இருக்கிறது. கி.மு. 196இல் ஐந்தாம் தொலமி மன்னனுக்காகக் குருமார் வெளியிட்ட கட்டளை அதில் உள்ளது. கிரேக்கப் பகுதியை வாசிப்பதில் யாருக்கும் சங்கடமில்லை. சித்திரங்களைப் பற்றித்தான் பல நூற்றாண்டாக ஒரு பிழையான நம்பிக்கை நிலவியது. ஒவ்வொரு சித்திரமும் ஒரு மறைபொருள், ஞானிகளுக்கு மட்டும் விளங்கும் குறியீடு என்று எண்ணிவந்தனர். ஷம்போலியோன் எண்ணிப் பார்த்தார். கிரேக்கத்தில் 486 சொற்கள். உடைந்து எஞ்சிய சித்திரப் பகுதியிலோ 1,419 குறிகள். ஒரு சொல்லுக்கு ஒரு சித்திரம் என்றால் கணக்கு எப்படிச் சரிவரும்?

அரசர் பெயர்களை எகிப்தியர் ஒரு நீள்வட்டக் கோட்டுக்குள் எழுதுவர். தொலமியின் பெயரிலுள்ள குறிகள் சிலவற்றின் ஒலியை ஆங்கில அறிஞர் தோமஸ் யங் முன்னரே அனுமானித்திருந்தார். அந்தப் பெருமையை அவருக்குக் கொடுக்கத்தான் வேண்டும். ஷம்போலியோன் வேறொரு தூணிலிருந்து கிளியோபாத்ராவின் பெயரை எடுத்து அதனோடு ஒப்பிட்டார். இரு பெயர்களுக்கும் பொதுவான ஒலிகள் உரிய இடங்களில் அதே குறிகளோடு வந்து நின்றன. ‘த’ மட்டும் வேறுபட்டது. ஓர் ஒலிக்கு இரண்டு குறிகள் இருக்கலாம் என்று துணிந்தார். இவை கிரேக்கப் பெயர்கள் ஆயிற்றே, எகிப்தியரின் சொந்தப் பெயர்கள் எப்படி என்ற கேள்வி எஞ்சியது. 1822 செப்ரெம்பரில் அபு சிம்பெல் கோயிலிலிருந்து வந்த பிரதிகளிலே ஒரு பெயரைக் கண்டார். முதலில் சூரியவட்டம். கடைசியில் ‘ஸ’ இரண்டு. நடுவே ஒரு குறி. எகிப்தியக் கிறிஸ்தவர்கள் வழிபாட்டில் ஓதும் கொப்டிக் மொழியை அவர் இளமையிலேயே கரைத்துக் குடித்திருந்தார். அம்மொழியிலே சூரியனுக்கு ‘ரே’ என்று பெயர்; பிறத்தலுக்கு ‘மீசெ’. ராம்சேஸ்! தமையனின் அலுவலகத்துக்கு ஓடி, செய்தியைச் சொல்லி மயங்கி விழுந்தார் என்று தமையன் மகன் எழுதிவைத்தார். அதில் மிகை இருக்கலாம். செப்ரெம்பர் 27ஆம் திகதி பாரிஸ் கல்விக் கழகத்திலே அவருடைய கண்டுபிடிப்பு வாசிக்கப்பட்டது என்பதில் மிகையில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிரேக்கம் கதவைக் காட்டியது. கதவைத் திறந்தது, ஒரு சிறுபான்மைச் சமூகத்தின் பூசை மொழியாக ஒடுங்கிப்போயிருந்த கொப்டிக். அதை ஓதுவதை அவர்கள் கைவிட்டிருந்தால் ராம்சேஸின் பெயர் இன்னும் எவ்வளவு காலம் வாய் திறவாமல் இருந்திருக்குமோ!

நம் நாட்டுக்கும் இத்தகைய பங்கொன்று உண்டு. பிராமி எழுத்தைக் கல்கத்தாவிலிருந்து ஜேம்ஸ் பிரின்செப் 1837இல் வாசித்தார். சாஞ்சித் தூபியின் கல்வேலியிலுள்ள சிறு சாசனங்கள் பலவும் ஒரே இரண்டு எழுத்துகளில் முடிவதைக் கண்டு, அது ‘தானம்’ என்றே இருக்கவேண்டும் என ஊகித்ததுதான் தொடக்கம். ஆனால் தூண்களில் பேசும் ‘தேவர்க்குப் பிரியமான பியதசி’ யார்? பிரின்செப் முதலில் இலங்கை மன்னன் ஒருவனையே நினைத்தார். இலங்கையிற் பிறந்து இலங்கையிலேயே அரச சேவை செய்த ஜோர்ஜ் டேர்னர், பாளி மொழித் தீபவம்சத்திலிருந்து பியதசி என்பவன் அசோகனே என்று எடுத்துக்காட்டினார். டேர்னர் பிறந்ததும் 1799இல்தான். ரொசெற்றாக் கல் மண்ணிலிருந்து வெளிவந்த அதே ஆண்டு.

ஃபிஜாக்குக்குத் திரும்புவோம். நெப்போலியன் இறுதியாக வீழ்ந்தபின், அவன் பக்கம் நின்ற குற்றத்துக்காகச் சகோதரர் இருவரையும் 1816இல் அரசு சொந்த ஊருக்கே நாடுகடத்தியது. தண்டனைக் காலத்திலே இளையவர் ஊர்ப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியை ஒழுங்கு செய்தார். மூத்த மாணவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை. லங்காஸ்டர் முறை என்று அப்போது ஐரோப்பாவெங்கும் பரவியிருந்தது. அதே வகை முறைக்கு ‘மதராஸ் முறை’ என்றும் ஒரு பெயர் உண்டு. அந்திரு பெல் என்ற பாதிரியார் சென்னையிலே அநாதைப் பள்ளியொன்றை நடத்துகையில், நம்மவர் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு கைக்கொண்டு இங்கிலாந்துக்குக் கொண்டுசென்ற பாடம் அது. திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை இத்தனை தூரம் பயணம் செய்திருக்கிறார்.

ஷம்போலியோன் எகிப்தைக் கண்ணாற் கண்டது 1828-29இல். 1832 மார்ச்சில், நாற்பத்தோராம் வயதில் பாரிஸில் மறைந்தார். அவருடைய எகிப்திய இலக்கணத்தைத் தமையன்தான் பின்னர் அச்சேற்றினார்.

ஊர் எப்போதும் அறிவு விழாக்களோடு மட்டும் இருந்துவிடவில்லை. இரண்டாம் உலகப் போரிலே ஜேர்மனியருக்குப் பயன்பட்ட இங்குள்ள விமானச் சுழலித் தொழிற்சாலையை எதிர்ப்பியக்கத்தார் 1944 ஜனவரியில் குண்டுவைத்துச் சேதப்படுத்தினர். மே 12ஆம் திகதி ‘டாஸ் ரைக்’ படைப்பிரிவு ஊரைச் சுற்றிவளைத்து ஆண்களைத் திரட்டியது. நூற்றுக்கணக்கானோர் ஜேர்மன் முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர்; பலர் திரும்பவில்லை. சுற்றிவளைப்பு என்ற சொல்லை நம் வாசகருக்கு விளக்கவேண்டியதில்லை.

ஊரைக் கடந்தால் இரண்டு வழிகள். லு புயி நகரிலிருந்து ஸ்பெயினிலுள்ள சந்தியாகோ வரை செல்லும் பழைய யாத்திரைப் பாதை ஃபிஜாக்கை ஊடறுத்துச் செல்கிறது. இன்றும் முதுகில் மூட்டையோடு ஆண்டுதோறும் பலர் அதிலே நடக்கிறார்கள். அதிலிருந்து பிரியும் கிளைப்பாதையொன்று செலே ஆற்றோடு இறங்குகிறது. எனக்குக் கிளைப்பாதையே உவப்பு. சுண்ணக்கற் பாறைகள் இருபுறமும் செங்குத்தாய் எழுகின்றன. எஸ்பஞாக், மார்சியாக் என்று பழைய மடங்களைச் சுற்றிய சிற்றூர்கள் வழியில் வரும். மேட்டு நிலத்திலே சாந்தில்லாமல் அடுக்கிய கல்மதில்கள், மேய்ப்பர் குடில்கள், கற்கால மக்களின் கல்மேசைச் சமாதிகள். நடக்க விரும்பாதவர் கோடையிலே சிறு தோணி எடுத்துத் துடுப்பு வலித்தும் போகலாம்.

செலே, லொட் ஆற்றில் கலக்கும் இடத்துக்கு அண்மையிலே பெஷ் மேர்ல் குகை. பதின்ம வயதுப் பையன்கள் இருவர் 1922இல், ஷம்போலியோனின் கண்டுபிடிப்புக்குச் சரியாக நூறாண்டுக்குப் பின், ஒடுங்கிய பொந்துக்குள் ஊர்ந்து சென்று அதனைக் கண்டார்கள். உள்ளே ஏறக்குறைய 29,000 ஆண்டுப் பழைமையுடைய இரண்டு குதிரைகள், உடலெங்கும் கரும்புள்ளிகளோடு. கற்பனைக் குதிரைகள் என்று பலர் கருதினர்; அத்தகைய புள்ளிக்குரிய மரபணு அக்காலக் குதிரைகளில் இருந்ததென 2011இல் ஆய்வு காட்டியது. குதிரைகளைச் சுற்றிலும், பாறையில் கைவைத்து மேலே வர்ணம் ஊதிப் பதித்த மனிதக் கைகளின் வடிவங்கள்.

அருகே சென் சீர்க் லப்போப்பி என்ற மலையூரில் வீடு வாங்கி வேனிற்காலங்களைக் கழித்த கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன், 1952இல் இக்குகைக்கு வந்தார். ஓவியங்கள் பழையவைதாமா என்று அவருக்கு ஐயம். விரலால் ஒரு கோட்டைத் தேய்த்துப் பார்த்தார். வழிகாட்டியவர் அவர் கையில் அடித்தார். விவகாரம் நீதிமன்றம் சென்று கவிஞர் தண்டம் கட்டினார். குகையின் வேறொரு பகுதியில், இறுகிப்போன களிமண்ணிலே வெறுங்காற் சுவடுகள் சில இருக்கின்றன. வளர்ந்தவருடையவை அல்ல. அவற்றை யாரும் தொட இயலாதபடி காத்துவருகிறார்கள்.