பழைய சர்வர் பெட்டிகளில் வீட்டுச் சேமிப்பகம்

நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த ரேக் வகைச் சர்வர் பெட்டியை வாங்கி, அதில் சாதாரண வீட்டுக் கணினியின் மதர்போர்டைப் பொருத்தி, வீட்டுக்கான பெரிய கோப்புச் சேமிப்பகமாக மாற்றும் வழக்கம் 2000-களின் இறுதியிலிருந்து அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கணினி ஆர்வலர்களிடையே பரவியது. தொலைபேசி நிலையத்துக்காக உருவான ரேக் அளவும், மேசைக் கணினிக்காக உருவான ஏடிஎக்ஸ் அளவும் ஒரே பெட்டிக்குள் சந்தித்ததால் இது இயன்றது. இரண்டும் எவரும் பின்பற்றத்தக்க பொது அளவுகள். அவற்றைப் பின்பற்றிய பெட்டிகளுக்கு மறுவாழ்வு கிடைத்தது. பின்பற்றாதவை பெரும்பாலும் பழைய இரும்பாயின.

ரேக் அளவின் தோற்றம்

சர்வர்கள் அடுக்கப்படும் இரும்புச் சட்டகம் கணினியைவிட மூத்தது. அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம் 1922 வாக்கில் தன் தொலைபேசி நிலையங்களில் கருவிகளை நெருக்கமாக அடுக்க ஒரு பொது அளவை வகுத்தது. கருவியின் முன்தகடு 19 அங்குல அகலம், அதாவது 482.6 மி.மீ. இருக்க வேண்டும். உயரம் 1.75 அங்குலத்தின் மடங்காக அமைய வேண்டும். இந்த 1.75 அங்குலமே, அதாவது 44.45 மி.மீ., ரேக் அலகு எனப்படுகிறது. சுருக்கமாக 'யூ' என்பர். 2யூ பெட்டி 88.9 மி.மீ., 3யூ பெட்டி 133.35 மி.மீ., 4யூ பெட்டி 177.8 மி.மீ. உயரத்துக்குள் அடங்கும்.

பின்னர் இது அமெரிக்க மின்னணுத் தொழில் கூட்டமைப்பின் இஐஏ-310 தரமாகவும், பன்னாட்டு அளவில் ஐஇசி 60297 தரமாகவும் வகுக்கப்பட்டது. வானொலி நிலையக் கருவிகளும் ஒலிப்பதிவுக் கருவிகளும் இதே சட்டகத்தில் ஏறின. 1990-களில் இணையம் வளர்ந்தபோது சர்வர்களும் பெருமளவில் இந்தச் சட்டகத்துக்குள் வந்தன.

மதர்போர்டின் அளவு

மேசைக் கணினிக்கான பொது அளவு வேறு வழியில் வந்தது. ஐபிஎம் 1984-இல் வெளியிட்ட பிசி ஏடி கணினியின் பலகை அளவைப் பிற உற்பத்தியாளர்கள் நகலெடுத்தனர். 1995-இல் இன்டெல் நிறுவனம் ஏடிஎக்ஸ் என்ற வரையறையை வெளியிட்டது. முழு ஏடிஎக்ஸ் பலகையின் அளவு 305 மி.மீ. × 244 மி.மீ. திருகுத் துளைகள், மின் இணைப்பு, பின்புற இணைப்புகள் இருக்கும் இடம் ஆகிய அனைத்தையும் அந்த வரையறை நிர்ணயித்தது. 1997-இல் 244 மி.மீ. சதுரமான மைக்ரோ ஏடிஎக்ஸும், 2001-இல் வியா நிறுவனத்தின் 170 மி.மீ. சதுரமான மினி ஐடிஎக்ஸும் வந்தன. இவ்விரண்டின் திருகுத் துளைகளும் ஏடிஎக்ஸ் பெட்டிகளில் பொருந்துமாறு அமைந்தன.

ஏடிஎக்ஸ் வரையறையில் பின்புற இணைப்புகளுக்கான திறப்பு 158.75 மி.மீ. அகலமும் 44.45 மி.மீ. உயரமும் கொண்டது. இந்த உயரம் ஒரு ரேக் அலகுக்குச் சமம். ஆகவே அந்தத் திறப்பை முழு அளவில் 1யூ பெட்டியின் பின்சுவரில் வெட்ட இடமிருக்காது. வீட்டு மதர்போர்டைச் சர்வர் பெட்டியில் பொருத்த விரும்புவோர் 2யூவுக்குக் குறையாத, பெரும்பாலும் 3யூ, 4யூ பெட்டிகளையே தேடுவதற்கு இது ஒரு காரணம்.

அமெரிக்காவின் சூப்பர்மைக்ரோ நிறுவனம் மதர்போர்டுகளையும் பெட்டிகளையும் தனித்தனியாகவும் விற்றது. அதனால் அதன் பெட்டிகளில் பல, ஏடிஎக்ஸ் துளைகளையும் அதைவிடப் பெரிய பலகைகளுக்கான துளைகளையும் கொண்டிருந்தன. 24 வன்தட்டுகள் கொள்ளும் 4யூ உயரமுள்ள 846 வரிசையும், 16 வன்தட்டுகள் கொள்ளும் 3யூ உயரமுள்ள 836 வரிசையும் பின்னாளில் வீட்டுச் சேமிப்பகம் அமைப்போர் விரும்பிய பெட்டிகளாயின. டெல், எச்பி நிறுவனங்களின் ரேக் சர்வர்கள் பெரும்பாலும் தமக்கே உரிய பலகை வடிவமும் மின் இணைப்பும் கொண்டவை. அவற்றின் பலகையைக் கழற்றிவிட்டால் பெட்டியில் வேறு எதையும் எளிதில் பொருத்த முடியாது.

மலிவான வன்தட்டுகள்

பெட்டி மட்டும் போதாது. பல சாதாரண வன்தட்டுகளைச் சேர்த்து நம்பகமான ஒரே சேமிப்பகமாக்கும் முறையும் தேவைப்பட்டது. 1988-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகியோர் 'ரெய்டு' என்ற கருத்தை முன்வைத்தனர். விலையுயர்ந்த ஒரு பெரிய வட்டுக்குப் பதிலாக மலிவான பல வட்டுகளை வரிசையாக்கி, ஒன்று பழுதானாலும் தரவு தப்பும்படி செய்யலாம் என்பது அதன் சாரம். அந்தப் பெயரில் 'மலிவான' என்ற சொல் இருந்தது. பிற்காலத்தில் தொழில்துறை அதைத் 'தனித்த' என்று மாற்றிக்கொண்டது.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜெஃப் பான்விக், மேத்யூ ஆரன்ஸ் குழுவினர் உருவாக்கிய இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையின் மூலநிரல் 2005-இல் வெளியிடப்பட்டது. ஒவ்வொரு தரவுத் தொகுதிக்கும் சரிபார்ப்பு எண்ணைச் சேமித்து, படிக்கும்போது ஒப்பிட்டு, பிழையிருந்தால் நல்ல பிரதியிலிருந்து திருத்துவது அதன் சிறப்பு. அதே 2005-இல் ஃப்ரீநாஸ், அன்ரெய்டு ஆகிய இயங்குதளங்களும், 2011-இல் ஓபன்மீடியாவால்ட்டும் வந்தன. இவை சாதாரணக் கணினியையே சேமிப்பகமாக்கும் மென்பொருள்கள். 2007-இல் ஹிட்டாச்சி முதல் 1 டெராபைட் வன்தட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. புகைப்படங்களும் காணொளிகளும் வீடுகளில் குவிந்த காலமும் அதுவே.

நிறுவனங்கள் காட்டிய வழி

சாதாரணப் பலகைகளை ரேக்கில் ஏற்றும் எண்ணம் பெருநிறுவனங்களிடமும் இருந்தது. கூகுள் 1999-இல் தன் தொடக்ககாலச் சர்வர்களுக்கு விலைகுறைந்த மதர்போர்டுகளைத் தக்கை விரித்த தட்டுகளில் அடுக்கி ரேக்கில் ஏற்றியது. அவற்றில் ஒன்று கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூவிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

வீட்டு ஆர்வலர்களை நேரடியாகத் தூண்டியது பேக்பிளேஸ் நிறுவனம். இணையவழித் தரவுக் காப்புச் சேவை நடத்தும் இந்நிறுவனம் 2009 செப்டம்பரில் தன் சேமிப்புப் பெட்டியின் வடிவமைப்பைப் பொதுவில் வெளியிட்டது. 4யூ உயரமுள்ள சிவப்புப் பெட்டி, அதில் 1.5 டெராபைட் வன்தட்டுகள் 45. மொத்தம் 67 டெராபைட். பாகங்களின் செலவு 7,867 டாலர். உள்ளே இருந்தது மேசைக் கணினிக்கான இன்டெல் மதர்போர்டு. பெட்டி புதிதாக வடிவமைக்கப்பட்டது என்றாலும், பெரிய சேமிப்பகத்துக்கு விலையுயர்ந்த சர்வர் பலகை கட்டாயமில்லை என்பதைத் தொழில் அளவிலேயே அது காட்டியது.

2011-இல் தாய்லாந்தில் ஏற்பட்ட பெருவெள்ளத்தில் வன்தட்டுத் தொழிற்சாலைகள் மூழ்கின. விலைகள் ஏறின. பேக்பிளேஸ் ஊழியர்கள் சில்லறைக் கடைகளில் வெளிப்புற வன்தட்டுகளை வாங்கி, உறையை உடைத்து உள்ளிருக்கும் வட்டை எடுத்துப் பயன்படுத்தினர். வீட்டுச் சேமிப்பகம் அமைப்போரும் இந்த முறையைப் பரவலாகக் கையாண்டனர்.

பெட்டி கைமாறும் காரணம்

நிறுவனங்கள் சர்வர்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுகின்றன. பழைய சர்வரில் எல்லாப் பாகங்களும் ஒரே வேகத்தில் முதுமை அடைவதில்லை. செயலியும் மதர்போர்டும் விரைவில் மதிப்பிழக்கின்றன. இரும்புப் பெட்டி, வன்தட்டு செருகும் தட்டுகள், ரேக்கில் இழுத்துத் தள்ளும் தண்டவாளங்கள் ஆகியவை பல்லாண்டு உழைக்கின்றன. புதிதாக வாங்கினால் விலை மிகும் இப்பெட்டிகள் பழைய சந்தையில் மலிவாகக் கிடைத்தன.

பெட்டியோடு வரும் பழைய பலகையை அப்படியே ஓட்டலாம். ஆனால் இரட்டைச் செயலி கொண்ட பழைய சர்வர் பலகை சும்மா இருக்கும்போதும் அதிக மின்சாரம் இழுக்கும். வீட்டுச் சேமிப்பகமோ நாளின் பெரும்பகுதி சும்மாதான் இருக்கும். இடைவிடாமல் ஓடும் இயந்திரத்தில் 100 வாட் மிச்சமானால் ஆண்டுக்கு 876 யூனிட் மின்சாரம் மிச்சம். வீட்டில் ஏற்கெனவே ஓய்வுபெற்ற மேசைக் கணினியின் பலகை இருந்தால் அதற்கும் வேலை கிடைக்கிறது.

பொருத்தும் முறை

முதல் வேலை பெட்டியின் அடித்தட்டில் உள்ள பித்தளை முட்டுகளைச் சரிசெய்வது. சர்வர் பலகைக்கென வைக்கப்பட்ட முட்டு ஒன்று புதிய பலகையின் துளையில்லாத இடத்தில் நின்றால், பின்புறச் சுற்றில் பட்டு மின்கசிவு ஏற்பட்டுப் பலகை கெடும். பொருந்தாத முட்டுகளைக் கழற்றிவிட வேண்டும்.

அடுத்தது முன்பக்கப் பொத்தான்கள். சூப்பர்மைக்ரோ பெட்டிகளில் மின்பொத்தான், விளக்குகள் அனைத்தும் 16 முனை கொண்ட ஒரே இணைப்பில் வருகின்றன. வீட்டு மதர்போர்டில் அவை தனித்தனி முனைகள். இவற்றைப் பிரித்துத் தரும் கம்பி தேவை.

வன்தட்டுகள் பேக்பிளேன் எனப்படும் பின்பலகையில் செருகப்படுகின்றன. சில பின்பலகைகளில் ஒவ்வொரு வட்டுக்கும் தனிக் கம்பி. சிலவற்றில் நான்கு வட்டுக்கு ஒரு கம்பி. சிலவற்றில் விரிவாக்கச் சில்லு இருப்பதால் ஒரே கம்பியில் 24 வட்டுகளும் இணைகின்றன. சாஸ் வகைப் பின்பலகையில் வீட்டுக் கணினியின் சாட்டா வட்டுகளையும் செருகலாம். மதர்போர்டில் இத்தனை இணைப்புகள் இல்லாததால் தனி இணைப்பட்டை தேவை. எல்எஸ்ஐ 1068இ சில்லு கொண்ட பழைய அட்டைகள் 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட வட்டுகளை முழுமையாக அறியா. அடுத்த தலைமுறையான சாஸ்2008 சில்லு இந்தத் தடையை நீக்கியது. ஐபிஎம், டெல் சர்வர்களிலிருந்து கழற்றப்பட்ட அத்தகைய அட்டைகளில் மென்பொருளை மாற்றி எழுதி, வட்டுகளை நேரடியாக இயங்குதளத்திடம் ஒப்படைக்கும்படி செய்வது பரவலாயிற்று.

காற்றோட்டமே கடினமான பகுதி. சர்வர் பெட்டியில் காற்று முன்பக்கம் நுழைந்து பின்பக்கம் வெளியேறும். பல சர்வர் பலகைகளில் ரேம் பட்டைகள் காற்றின் திசையிலேயே அமைந்திருக்கும். ஏடிஎக்ஸ் வீட்டுப் பலகையில் அவை பின்சுவருக்கு இணையாக, காற்றுக்குக் குறுக்கே நிற்கும். பெட்டியின் விசிறிகள் மிகுந்த இரைச்சலிடுவதால் பலர் அமைதியான விசிறிகளை மாற்றுகின்றனர். நெருக்கமாக நிற்கும் வட்டுகளின் இடுக்கு வழியே காற்றை இழுக்கும் அழுத்தம் அவற்றில் குறைந்தால் வட்டுகள் சூடேறும். இரைச்சலைக் குறைத்த பிறகு வட்டுகளின் வெப்பநிலையைக் கண்காணிப்பது இதனால் அவசியமாகிறது.

பழைமை சில வேளை உதவுவதும் உண்டு. சாட்டா 3.3 வரையறையில் 3.3 வோல்ட் முனை ஒன்று வட்டை அணைக்கும் குறிப்பாக மாற்றப்பட்டது. அதனால் சில புதிய வட்டுகள் பழைய மின்வழங்கிகளில் சுழலத் தொடங்குவதில்லை. நான்கு முனை இணைப்பில் மின்சாரம் பெறும் பின்பலகைகளுக்கு 5, 12 வோல்ட் மட்டுமே வருவதால் இந்தச் சிக்கல் பொதுவாக எழுவதில்லை.

குறைபாடுகள்

வீட்டு மதர்போர்டுகளில் பெரும்பாலும் தொலைவிலிருந்து இயந்திரத்தை ஆளும் ஐபிஎம்ஐ வசதி இல்லை. நினைவகப் பிழைகளைத் திருத்தும் இசிசி ரேமைப் பல பலகைகள் ஏற்பதில்லை. எடையும் ஒரு சிக்கல். பெரிய வன்தட்டு ஒன்று ஏறத்தாழ 700 கிராம். 24 வட்டுகள் மட்டுமே 17 கிலோவை நெருங்கும்.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து பெட்டியின் தோற்றம் தரும் துணிச்சல். வட்டு வரிசை, வட்டு பழுதாவதிலிருந்து மட்டுமே காக்கும். தவறுதலாக அழித்தல், தீ, திருட்டு, பழைய மின்வழங்கியின் கோளாறு ஆகியவற்றில் 24 வட்டுகளும் ஒன்றாகவே போகலாம். ஒரே பெட்டியில் குடும்பத்தின் எல்லாப் புகைப்படங்களும் இருந்தால், வேறிடத்தில் இன்னொரு பிரதி இருப்பதே உண்மையான காப்பு.

வரலாற்று இடம்

1922-இன் தொலைபேசிப் பொறியாளர்கள் வீட்டுச் சேமிப்பகத்தை எண்ணவில்லை. 1995-இல் ஏடிஎக்ஸை வகுத்தவர்கள் ரேக்கை முதன்மையாகக் கருதவில்லை. துளைகளின் இடமும் தகட்டின் அளவும் பொதுவில் எழுதி வைக்கப்பட்டதால், அவர்கள் அறியாத பயன்பாடு ஒன்று பிற்காலத்தில் உருவாயிற்று. ஒரே காலத்தில், ஒரே தரமான இரும்பில் செய்யப்பட்ட இரு பெட்டிகளில் ஒன்று மூன்றாவது, நான்காவது மதர்போர்டைத் தாங்கி ஓடுகிறது. தனி அளவில் செய்யப்பட்ட மற்றொன்று, பலகை கெட்டதும் உடைப்புக்குச் செல்கிறது. மின்னணுக் கழிவு பெருகும் காலத்தில், ஒரு கருவியின் ஆயுளை அதன் வடிவமைப்பாளர் எந்த அளவைத் தேர்ந்தார் என்பதும் முடிவு செய்கிறது என்பதற்கு இப்பெட்டிகள் சான்று.