பிழை பொறுக்கும் மட்டை

மன்னாரில் கரையிறங்கித் தம்புள்ளை வழியாகக் காடுகளைக் கடந்து நடந்து வந்த தமிழ்த் தொழிலாளருக்கு மலைநாட்டின் வாயிலாக அமைந்தது மாத்தளை. அவர்தம் உழைப்பால் அங்கே கோப்பி விளைந்தது. நோய் கண்டு கோப்பி அழிந்தபின் தேயிலையும் கொக்கோவும் இறப்பரும் வந்தன. தோட்டத் துரைமாருள் ஸ்கொத்லாந்தர் பலர் இருந்தனர். அவர்தம் தாயகத்து விளையாட்டாகிய கோல்பும் இத்தீவுக்கு வந்தது. கொழும்பில் 1879இலும் நுவரெலியாவில் 1889இலும் கோல்ப் கழகங்கள் தோன்றின.

அந்நாளைய மட்டையை முதன்முதலாகக் கையிலெடுத்தவரின் நிலை இரங்கத்தக்கது. மரத்தலை மட்டைக்குப் பெரிதும் விரும்பப்பட்டது பேர்சிமன் என்னும் அமெரிக்க மரம். நமது கருங்காலியின் இனத்தைச் சேர்ந்தது அது. இரும்பு மட்டையோ கொல்லுலையில் அடித்தெடுத்த மெல்லிய தகடு. அதன் கனமெல்லாம் நடுவிலேயே திரண்டிருந்தது. நடுவில் பட்டால் பந்து இனிதே பறக்கும். அரை அங்குலம் விலகினாலோ மட்டையின் தலை கைக்குள் திருகும். பந்து புதருக்குள் போகும். முழங்கை வரை வலி விறுவிறுவென ஏறும். நாள்தோறும் ஆடப் பொழுதுள்ள துரைமாருக்கு அது பழகிவிடும். கிழமைக்கு ஒரு மணி நேரம் கிடைப்பவருக்கு?

இதற்கிடையில் பந்து மட்டும் மாறிக்கொண்டே வந்தது. இறகடைத்த தோற்பந்தின் இடத்தை, 1848ஆம் ஆண்டளவில், மலாய் நாட்டு மரப்பாலாகிய கட்டாப்பெர்ச்சாவால் ஆன பந்து பிடித்தது. புதிய வரிகளை எதிர்த்து மாத்தளை மக்கள் கிளர்ந்தெழுந்ததும், வீர புரன் அப்பு கண்டியில் சுடப்பட்டதும் அவ்வாண்டிலேதான். 1898இல் ஹஸ்கல் என்னும் அமெரிக்கர் இறப்பர் நூல் சுற்றிய பந்தை ஆக்கினார். எனினும் மட்டை தன் கடுமையை விடவில்லை.

விடச் செய்தவர் ஒரு புதியவரே என்பதுதான் வியப்பு. நோர்வேயில் 1911இல் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த கார்ஸ்டன் சொல்ஹைம், செருப்புத் தைத்துப் பிழைத்துப் பின்னர் பொறியியலாளரானவர். கோல்ப் ஆடத் தொடங்கியபோது அவருக்கு வயது 42. குழிக்குள் பந்தை உருட்டும் மட்டை அவர் சொற்படி கேட்கவில்லை. பெரும்பாலானோர் அந்நிலையில் தம் கையைத்தான் நொந்துகொள்வர். அவரோ மட்டையை ஐயுற்றார். எடையை இரு ஓரங்களுக்கும் பிரித்து 1959இல் அவர் செய்த மட்டை, பந்தில் பட்டதும் எழுந்த ஓசையாலேயே 'பிங்' எனப் பெயர் பெற்றது. அடுத்த பத்தாண்டில் அதே முறையை இரும்பு மட்டைகளுக்கும் கொண்டுசென்றார்.

அவர் கண்ட உண்மை நம்மவர் அறியாததன்று. ஒரு தடியின் நடுவில் இரண்டு குடங்களையும் சேர்த்துக் கட்டினால், அதைச் சட்டென்று சுழற்றிவிடலாம். அவற்றையே இரு முனைகளிலும் தொங்கவிட்டால் தடி எளிதில் திரும்பாது. மட்டையின் முதுகைக் குடைந்து, அங்கிருந்த உலோகத்தை விளிம்பெங்கும் பரப்பினால், பந்து ஓரத்தில் பட்டாலும் தலை அதிகம் திருகாது. பந்து சற்றுக் குறைந்த தூரம் போகும். ஆனால் புதருக்குள் போகாது.

புதியவர் கடையில் கேட்கவேண்டியதும் இதுவே: முதுகு குடைந்ததும் அடிப்பாகம் அகன்றதுமான மட்டை. அகன்ற அடி மண்ணைக் கிளறாமல் வழுக்கிச் செல்லும். முகம் சற்று மல்லாந்திருந்தால் பந்து தானே மேலெழும். விதி அனுமதிப்பது 14 மட்டைகள். கற்பவருக்கு அதில் பாதியே மிகுதி. பெரிய வீரர் கையிலிருக்கும் மெல்லிய தகட்டைக் கண்டு ஆசைப்படுவதுதான் பலரும் செய்யும் வீண்செலவு.

பொறுமைக்கும் இன்று எல்லை வகுத்துள்ளனர். நெடுந்தூரம் அடிக்கும் மட்டையின் தலை 460 கன சென்ரிமீற்றருக்கு மேற்படலாகாது என்பது 2004 முதல் விதி. மாத்தளைக்குத் தெற்கே, கண்டி மாவட்டத்து இராஜவெலையில், விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அருகே 1999இல் ஒரு கோல்ப் திடல் திறக்கப்பட்டது. அத்தகைய திடலுக்கு முதன்முறை செல்பவர் ஏழாம் இலக்க இரும்பின் முகத்தில் சிறிது சுண்ணப்பொடி தடவிப் பத்துப் பந்துகளை அடித்துப் பார்க்கட்டும். பொடி அழிந்த இடங்கள் நடுவைச் சுற்றிச் சிதறியிருக்கும். பந்துகள் மட்டும் பெரிதும் சிதறாதிருந்தால், அந்த மட்டையையே வாங்கலாம்.