கேர்ட் யான் வான் ஓல்டன்போர்க்: பெருமழையின் காரணம் தேடிய ஆய்வு

கேர்ட் யான் வான் ஓல்டன்போர்க் (22 அக்டோபர் 1961 – 12 அக்டோபர் 2021) நெதர்லாந்து நாட்டுக் காலநிலை அறிவியலாளர். ராட்டர்டாமில் பிறந்தவர். ஒரு குறிப்பிட்ட பெருமழையிலோ வெப்ப அலையிலோ புவி வெப்பமடைதலின் பங்கு எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுச் சொல்லும் ஆய்வுத்துறையை உருவாக்கியவர்களில் முக்கியமானவர். 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த மழையை ஆராய்ந்து இவரது குழு வெளியிட்ட முடிவு, அன்று பலரும் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருந்தது.

வானிலைக்கு வந்த வழி

இவர் முதலில் படித்தது வானிலை இல்லை, துகள் இயற்பியல். 1990-இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில், துகள் மோதல்களுக்கான ஒருவகைச் சிக்கலான கணக்குகளைப் போட ‘எஃப்எஃப்’ என்ற மென்பொருளை எழுதினார். இயற்பியலாளர்கள் பிறகும் பல ஆண்டுகள் அதைப் பயன்படுத்தினார்கள். மற்றவர்கள் எடுத்தாளும்படி ஒரு கருவியைச் செய்து பொதுவில் வைத்துவிடும் பழக்கம் அவரிடம் கடைசிவரை இருந்தது.

1996-இல் ராயல் நெதர்லாந்து வானிலை ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். தொடக்க ஆண்டுகளில் எல் நினோவை ஆராய்ந்தார். அந்த வேலைக்காக ‘கிளைமேட் எக்ஸ்ப்ளோரர்’ என்ற இணையக் கருவியை உருவாக்கினார். உலகின் எந்த மூலையிலுள்ள மழைமானியின் பழைய பதிவையும் அதில் திறந்து பார்க்கலாம், வரைபடமாக்கலாம், போக்கைக் கணக்கிடலாம். பெரிய கணினி இல்லாத நாட்டின் ஆய்வாளருக்கும் அது இலவசம். அவரது கட்டுரைகளைவிட இந்தக் கருவியே அதிகம் பேருக்குப் பயன்பட்டிருக்கும் என்று சொன்னால் மிகையாகாது.

கேள்வி பிறந்த கதை

எந்த ஒரு வெள்ளத்தையும் காலநிலை மாற்றத்தின் மேல் நேரடியாகப் போடமுடியாது என்பதே நெடுங்காலம் அறிவியலாளர்களின் வழக்கமான பதிலாக இருந்தது. அதை முதலில் அசைத்தவர் ஆக்ஸ்ஃபோர்டின் மைல்ஸ் ஆலன். 2003 ஜனவரியில் தேம்ஸ் ஆறு கரைபுரண்டு அவர் வீட்டருகே வந்த நாட்களில் ஒரு கேள்வியை எழுப்பினார். அவரது கட்டுரை ‘நேச்சர்’ இதழில் வெளியானது. நடந்த சேதத்துக்கு யார் பொறுப்பு என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமா என்பதே அவர் கேட்டது. மறு ஆண்டே அவரும் பீட்டர் ஸ்டாட், டயித்தி ஸ்டோன் ஆகியோரும், 2003 கோடையில் ஐரோப்பாவைச் சுட்டெரித்ததைப் போன்ற வெப்பத்துக்கான வாய்ப்பை மனிதச் செயல்கள் குறைந்தது இரட்டிப்பாக்கியிருப்பது பெரும்பாலும் உறுதி என்று காட்டினார்கள். நோய்ப்பரவல் ஆய்வாளர்கள் புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் போடும் கணக்கே இங்கும் அடிப்படை. ஒரு தனி நோயாளிக்கு நோய் சிகரெட்டால்தான் வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் ஆபத்து எத்தனை மடங்கு கூடியது என்று சொல்லலாம்.

வெப்பத்துக்கு இப்படிச் சொல்வது எளிது. மழைதான் சிக்கல். காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே தெரிந்த விதி இது. ஆனால் அந்த ஈரம் எங்கே, எப்போது, எவ்வளவு வேகமாகக் கொட்டும் என்பதைக் காற்றின் போக்கு, மலை, கடலின் சூடு, காற்றிலுள்ள தூசி என எத்தனையோ தீர்மானிக்கின்றன. ஒரு நூற்றாண்டுப் பதிவில்கூட உண்மையான பெருமழை நாட்கள் சிலவே இருக்கும்.

வான் ஓல்டன்போர்க் இதற்குப் பிடித்த வழி இது. முதலில் நிகழ்வை வரையறுக்க வேண்டும்: எந்தப் பரப்பு, எத்தனை நாள் மழை. பிறகு பழைய பதிவுகளில், ஒவ்வோர் ஆண்டின் உச்ச மழையையும் அந்தந்தக் காலத்து உலக சராசரி வெப்பநிலையோடு பொருத்திப் பார்த்து, இன்றைய உலகில் இந்த மழை எத்தனை ஆண்டுக்கொருமுறை வரும், 1900 வாக்கில் எத்தனை ஆண்டுக்கொருமுறை வந்திருக்கும் என்று கணக்கிட வேண்டும். அதன் பிறகே கணினி மாதிரிகள். அந்த வட்டாரத்து மழையைச் சரியாகக் காட்டாத மாதிரியை மறுபேச்சில்லாமல் தள்ளிவிட வேண்டும். கடைசியில் பதிவுகளும் மாதிரிகளும் ஒத்துப்போனால்தான் எண்ணைச் சொல்லலாம். இல்லையென்றால் ‘தெரியவில்லை’ என்று எழுத வேண்டும்.

ஒரே வாரம், இரண்டு மழை

2014-15 வாக்கில் அவரும் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஜெர்மானிய ஆய்வாளர் ஃபிரீடெரிகே ஓட்டோவும், அமெரிக்காவின் ‘கிளைமேட் சென்ட்ரல்’ அமைப்பைச் சேர்ந்த ஹைடி கல்லன் முதலானோரும் சேர்ந்து ‘உலக வானிலைக் காரண ஆய்வு’ என்ற கூட்டணியைத் தொடங்கினார்கள். ஆய்விதழில் கட்டுரை வெளியாவதற்குள் மக்கள் வெள்ளத்தை மறந்துவிடுகிறார்கள். பேச்சு சூடாக இருக்கும்போதே கணக்கைத் தர வேண்டும் என்பது நோக்கம்.

2015 டிசம்பர் முதல் வாரம் இதற்கு ஒரு சோதனையாக அமைந்தது. டிசம்பர் 1 காலை முதல் மறுநாள் காலை 8.30 வரை தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவானது. நவம்பரிலேயே ஏரிகள் நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்தன. அடையாற்றில் வந்த வெள்ளம் மாடி வீடுகளின் முதல் தளம்வரை ஏறியது. அதே வாரத்தின் கடைசியில் ‘டெஸ்மண்ட்’ புயல் வட இங்கிலாந்தின் கம்ப்ரியாவைத் தாக்கியது. அங்கே ஹானிஸ்டர் கணவாயில் 24 மணி நேரத்தில் 341.4 மி.மீ. பெய்து பிரிட்டனின் சாதனையானது.

இரண்டையும் ஆராய்ந்தது ஏறக்குறைய ஒரே குழு, ஒரே முறை. டெஸ்மண்டைப் பற்றிய முடிவு சில நாட்களிலேயே வந்தது: அதுபோன்ற மழைக்கான வாய்ப்பு சுமார் 40 சதவீதம் கூடியிருக்கிறது. பிழை எல்லை 5-இலிருந்து 80 சதவீதம் வரை என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். சென்னை ஆய்வு டெல்லி ஐஐடியின் கிருஷ்ண அச்சுதராவும் சேர்ந்து எழுதியது; 2016 இறுதியில் அமெரிக்க வானிலைச் சங்கத்தின் இதழில் வெளியானது. அதில் புவி வெப்பமடைதலின் தாக்கம் எதுவும் தென்படவில்லை.

இந்த முடிவைச் சரியாகப் புரிந்துகொள்வது அவசியம். காலநிலை மாற்றம் பொய் என்று அதில் இல்லை. சென்னைக்கு மழை கொண்டுவரும் வங்கக் கடலின் மேற்குப் பகுதியில் கடல் மேற்பரப்பு மற்ற கடல்களைப் போலச் சூடாகவில்லை. புகை, தூசு, கரி என்று இந்தியாவின் மேல் மிதக்கும் நுண்துகள்கள் வெயிலை மறைத்து, பசுங்குடில் வாயுக்கள் தரும் சூட்டை இதுவரை ஈடுகட்டியிருக்கக்கூடும் என்று அவர்கள் கருதினார்கள். அப்படியானால் காற்று சுத்தமாகும்போது இந்தத் திரை விலகும். அந்த ஒரு வரியைத்தான் நம் ஊரில் அதிகம் பேசியிருக்க வேண்டும். நடந்ததோ வேறு. ஏரிகள் ஆக்கிரமிக்கப்பட்டதையும் மதகுகள் திறக்கப்பட்ட நேரத்தையும் பற்றிய சண்டையில் ஒரு தரப்பார் காலநிலையைச் சாக்காகச் சொன்னார்கள். இந்த ஆய்வு அந்தச் சாக்குக்கு இடம் கொடுக்கவில்லை.

இந்தியாவில் அவருக்கு இப்படி அமைந்தது இது மட்டுமல்ல. 2016 மே 19-இல் ராஜஸ்தானின் ஃபலோடியில் 51 டிகிரி வெயில் கொளுத்தியபோதும், இந்தியாவின் உச்ச வெப்பநிலையில் 1970-களிலிருந்து தெளிவான ஏறுமுகம் தெரியவில்லை என்று 2018-இல் எழுதினார். அங்கும் நுண்துகளும் பாசனப் பெருக்கமும் காரணமாகச் சுட்டப்பட்டன. அதே நேரம், மழையைப் பொறுத்தவரை நாட்டின் மற்ற பகுதிக் கதை வேறாக இருந்தது. மத்திய இந்தியாவின் தென்மேற்குப் பருவத்தில் கனமழை நாட்கள் கூடிவருவதை பி.என். கோஸ்வாமி குழுவினர் 2006-லேயே காட்டிவிட்டார்கள். பரவலான மிகக் கனமழை நிகழ்வுகள் 1950-க்கும் 2015-க்கும் இடையில் மும்மடங்கானதை ராக்ஸி மேத்யூ கோல் குழுவினர் 2017-இல் நிறுவினார்கள். ஒரு நாட்டுக்குள்ளேயே ஒரு பருவத்துக்குச் சொன்னது இன்னொரு பருவத்துக்குப் பொருந்துவதில்லை.

ஹார்வி

2017 ஆகஸ்டில் ‘ஹார்வி’ சூறாவளி டெக்சாஸ் கரையில் நகராமல் நின்றது. ஹூஸ்டன் அருகே மூன்று நாளில் 1,000 மி.மீ.-க்கு மேல் பெய்தது. வான் ஓல்டன்போர்க் குழுவின் கணக்குப்படி அந்த மழை புவி வெப்பமடைதலால் சுமார் 15 சதவீதம் கனத்திருந்தது. அதற்கான வாய்ப்பு சுமார் மூன்று மடங்காகியிருந்தது. உலகம் ஏறத்தாழ 1 டிகிரி சூடாகியிருக்க, விதிப்படி 7 சதவீதம்தானே வர வேண்டும்? மிகுந்த நீராவி மழையாகும்போது வெளிவிடும் வெப்பம் புயலுக்கே தீனியாகி இன்னும் ஈரத்தை இழுத்துவரக்கூடும். மைக்கேல் வேனர் முதலான அமெரிக்க ஆய்வாளர்கள் வேறு முறையில் போட்ட கணக்கிலும் எண் 7-ஐத் தாண்டியே நின்றது.

எதிர்க்குரலும் இல்லாமல் இல்லை. காற்றோட்டம் எப்படி மாறும் என்பது தெரியாத நிலையில் மொத்த நிகழ்வுக்கும் நிகழ்தகவு போடுவது வீண், புயல் வந்ததை வந்ததாக ஏற்றுக்கொண்டு சூடான கடல் அதில் எவ்வளவு சேர்த்தது என்று மட்டும் கேட்போம் என்றார் கெவின் டிரென்பெர்த். வெறும் நிகழ்தகவு முறை பாதிப்பைக் குறைத்துக் காட்டிவிடும் என்பது அவர் குற்றச்சாட்டு. இரண்டு முகாம்களும் இன்றுவரை முழுக்க ஒன்றுசேரவில்லை.

கடைசி ஆண்டுகளும் பிறகும்

நெடுநாள் புற்றுநோயோடு இருந்தபடியே 2021 கோடையிலும் வேலை செய்தார். ஜூன் 29-இல் கனடாவின் லிட்டனில் 49.6 டிகிரி பதிவான வெப்ப அலையைப் பற்றிய ஆய்வு சுமார் ஒன்றரை வாரத்தில் வெளிவந்தது. அந்த ஆண்டு ‘டைம்’ இதழின் செல்வாக்கு மிக்க 100 பேர் பட்டியலில் ஓட்டோவும் அவரும் இடம்பெற்றார்கள். சில வாரங்களில் காலமானார்.

கூட்டணியின் பணி ஓட்டோவின் தலைமையில் தொடர்ந்தது. 2022-இல் சிந்து, பலுசிஸ்தான் மாகாணங்களில் கொட்டிய ஐந்து நாள் உச்ச மழை, பதிவுகளின்படி சுமார் 75 சதவீதம் கனத்திருந்தது. மாதிரிகள் அந்த அளவுக்கு ஒத்துப்போகவில்லை. 2023-இல் ருவாண்டா, காங்கோ வெள்ளத்துக்கு எண் எதுவும் தர முடியவில்லை; போதிய மழைமானிப் பதிவே அங்கில்லை. 2024 ஜூலை 30 வயநாட்டு நிலச்சரிவுக்குக் காரணமான ஒரு நாள் மழை சுமார் 10 சதவீதம் கனத்திருந்ததாகச் சொன்ன ஆய்வு, பரப்பு சிறியது, மலைப்பகுதி, மாதிரிகளின் நிச்சயமின்மை அதிகம் என்பதையும் கூடவே குறிப்பிட்டது.