கொரிய மலைத்தொடர்ப் பகுப்பு: நீர்பிரிமேடும் பாறை அமைப்பும்

முன்னுரை

கொரியத் தீபகற்பத்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 70 விழுக்காடு மலைப்பாங்கானது. அம்மலைகளை எவ்வாறு தொடர்களாகப் பகுப்பது என்னும் வினா புவியியலுக்கு மட்டுமன்றி வரலாற்றுக்கும் உரியது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

நிலவமைப்பு

வடக்கு எல்லையில் 2,744 மீட்டர் உயரமுள்ள பெக்து மலை அமைந்துள்ளது. அங்குத் தொடங்கும் முகடு கிழக்குக் கடற்கரையை ஒட்டித் தெற்கே சென்று, பின்னர் உள்நாட்டுக்குத் திரும்பி, 1,915 மீட்டர் உயரமுள்ள ஜிரி மலையில் முடிகிறது. அதன் கிழக்குச் சரிவு செங்குத்தானது; மேற்குச் சரிவு படிப்படியாகத் தாழ்வது. ஆதலின் கிழக்கே பாயும் ஆறுகள் குறுகியவை. ஹன் ஆறு மேற்கு நோக்கியும் நக்தோங் ஆறு தெற்கு நோக்கியும் நெடுந்தொலைவு ஓடுகின்றன.

ஜோசன் காலப் பகுப்பு

இம்முகட்டைக் கொரியர் 'பெக்துதேகான்' என்றழைத்தனர். ஷின் கியோங்-ஜுன் (1712–1781) இயற்றியதாகக் கருதப்படும் 'சான்கியோங்பியோ' என்னும் நூல் நாட்டின் மலைகளை ஒரு பெருந்தொடர், ஓர் இடைத்தொடர், 13 கிளைத்தொடர்கள் எனப் பகுத்தது. மலையே நீர்பிரிமேடு, முகடு ஆற்றைக் கடப்பதில்லை என்பதே இப்பகுப்பின் அடிப்படை. கிம் ஜியோங்-ஹோ 1861இல் வெளியிட்ட 'தேதோங்யோஜிதோ' நிலப்படமும் மலைகளை அறுபடாத கோடுகளாகவே காட்டுகிறது. மக்கள் வாழ்வும் இம்முகட்டைத் தழுவியே அமைந்தது. தென்கிழக்குப் பகுதிக்கு வழங்கும் 'யோங்நாம்' என்னும் பெயர் 'கணவாய்களுக்குத் தெற்கு' எனப் பொருள்படும்.

புவிப்பொதியியல் பகுப்பு

ஜப்பானியப் புவிப்பொதியியலாளர் கோத்தோ புஞ்சிரோ 1903இல் வெளியிட்ட ஆய்வு, பாறைகளின் உள்ளமைப்பையும் அவற்றின் திசைப்போக்கையும் கொண்டு மலைகளை வகுத்தது. இம்முறையில் ஆறுகள் தொடர்களை ஊடறுத்துச் செல்லக்கூடும். சாரியோங் தொடரைத் தென் ஹன் ஆறு ஊடறுப்பது இதற்குச் சான்று. ஜப்பான் 1910இல் கொரியாவை இணைத்துக்கொண்டது. குடியேற்ற ஆட்சிக்காலப் பாடநூல்களில் கோத்தோவின் ஆய்வைத் தழுவிய பகுப்பே நிலைபெற்றது. 'பெக்துதேகான்' என்னும் பெயர் பொதுவழக்கில் அருகியது.

முடிவுரை

1980களில் அப்பெயர் மீண்டும் பரவலாயிற்று. தென் கொரியா 2003இல் இயற்றிய பெக்துதேகான் பாதுகாப்புச் சட்டம் 2005இல் நடைமுறைக்கு வந்தது. எனினும், ஒரு பகுப்பை மெய்யெனவும் மற்றதைத் திரிபெனவும் கொள்வது பொருந்தாது. முன்னது நீர் எங்குப் பிரிகிறது என்ற வினாவிற்கும், பின்னது பாறை எவ்வாறு உருவாயிற்று என்ற வினாவிற்கும் விடை தருகிறது. அவற்றுள் எது பாடநூலில் இடம்பெற வேண்டும் என்பதை முடிவுசெய்தது அறிவியல் மட்டுமன்று, ஆட்சியதிகாரமும் ஆகும் என்பது பெறப்படுகிறது.